கழுவிய பின் பெருகிய செல்கள்

தொண்ணூறுகளில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஆட்டு ஈரலிலிருந்து, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தோம். உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் பிரேக் அது. தட்டுகளில் வளர்த்த செல்களில் அதைச் சேர்த்ததும் நல்ல ஈரல் செல்கள், புற்றுநோய்ச் செல்கள் இரண்டுமே பெருகாமல் நின்றன.

மயிலாப்பூரில் என் அக்கா அப்போது ஈரல் புற்றுநோயோடு படுத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ எனக்கும் நின்னுடுமாடி?"

"இன்னும் ஒரு சோதனை இருக்குக்கா."

நின்ற செல்கள் செத்துவிட்டனவா, உயிரோடு சும்மா இருக்கின்றனவா என்று தெரிய வேண்டும். அந்தப் பொருளைக் கழுவி நீக்கிவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். நல்ல செல்கள் மறுபடி பெருகத் தொடங்கியிருந்தன.

"விஷமில்லடி, நிஜமாவே பிரேக்தான்!" என்று உடன் வேலை செய்த தோழி கத்தினாள்.

நான் அடுத்த தட்டைப் பார்த்தேன். புற்றுநோய்ச் செல்களும் பெருகிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் அக்கா எனக்காகக் காத்திருந்தாள்.

"மருந்து இருக்கிற வரைக்கும்தான் நிக்குதுக்கா. எடுத்துட்டா திரும்பவும் வளருது."

அவள், "அப்போ எடுக்காமலே வெச்சுக்க வழி பாரு" என்றாள்.

பார்த்தோம். வழி கிடைப்பதற்குள் அவள் போய்விட்டாள்.