மலையக்காவின் வயிறும் கேட்டுக்கார டாக்டரும்

மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் துணிக் கிடங்கின் மூலையில் போய் நின்று சற்று நேரம் பிரார்த்தனை செய்வது வழக்கம். எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஒரு முனை எனக்கு, மறுமுனை மலையக்காவுக்கு. நான் போய்விட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் மேஸ்திரி சும்மா விடமாட்டார். அதனால் அக்கா என்ன செய்வாராம், என் முனையைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து தனியாளாக மடித்து அடுக்குவாராம். நான் திரும்பி வரும்போது அடுக்கு ஒரு சாண் உயர்ந்திருக்கும். நான்தான் வேகமாக மடித்துவிட்டுப் போனேன் என்று நினைத்துக்கொள்வேன். இஸ்திரி உருளையில் நிற்பவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அக்கா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

மலையக்கா என்பது பட்டப்பெயர். வைத்தவர்கள் முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்து, படி ஏறினால் மூச்சு இரைத்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சிறியதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையில் ஒரு கைப்பிடி அளவு மட்டும் தடுத்து, அதைக் குடலோடு சேர்த்துத் தைப்பார்களாம். அக்கா பாதியாகி வேலைக்குத் திரும்பி வந்தார். மலை என்று சிரித்த அதே வாய்கள் இப்போது வேறு பாட்டுப் பாடின. "வாயைக் கட்ட முடியாதவ வயித்தைக் கட்டிக்கிட்டா" என்றாள் உருளைக்காரி. முட்டிவலிக்காரியைப் பார்த்துச் சிரித்தே பொழுதைப் போக்கியவர்களுக்கு, முட்டிவலி குறைந்ததும் பொழுது போகவில்லை. பாவம்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் வலிக்கென்று தருகிற மாத்திரைகள் சின்ன வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் புண்ணாக்கிவிடும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழும். எங்கே எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்ட வேண்டும். அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

இதில் மனம் நொந்துபோனவர் ஒரே ஒருவர். அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் எங்கள் சலவைக்கூடத்தின் கேட்டில் காவல்காரர். எப்போதோ ஒரு மருந்துக்கடையில் சில மாதம் பொட்டலம் கட்டியிருக்கிறார். கடைக்காரர் ஏன் அனுப்பிவிட்டார் என்று யாருக்கும் தெரியாது, எனக்கு ஊகம் உண்டு. அந்தச் சில மாதத்தை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுள் முழுக்க டாக்டராக இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். நாற்காலிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள். ஷிப்ட் முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி, கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பல்வலிக்கும் அதே மாத்திரை, தோள்வலிக்கும் அதே மாத்திரை, மருமகள் பேசாமல் இருப்பதற்கும் அதே மாத்திரை. எல்லாரும் "டாக்டரே" என்பார்கள். அவர் கிண்டலைக் கண்டுபிடித்ததே இல்லை. எல்லாரையும் நேசிக்க வேண்டும் என்பது ஆண்டவன் கட்டளை. இந்த ஒரு மனிதரை மட்டும் ஆண்டவனே நேரில் வந்து நேசித்துக்கொள்ளட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுண்டு.

ஈரத் தரையில் வழுக்கி, நனைந்த துண்டு மூட்டையோடு அக்கா விழுந்தார். தோள் பிசகிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எலும்பு உடையவில்லை என்றார்கள். தடவ ஒரு களிம்பு, அளந்து குடிக்க ஒரு மருந்து, வெந்நீர் ஒத்தடம், கூடவே ஒரு பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மேலே ஏற வேண்டும், பல்லி ஏறுகிற மாதிரி. அக்கா துண்டு அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் தினமும் ஏறினார். விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு. மேஸ்திரியிடம் கேட்டு மேசைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டார், கனமான விரிப்பை விட்டுத் தலையணை உறைக்கு மாறினார். கோடு மெதுவாகத்தான் ஏறியது. வலிக்கத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

கேட்டில் இது பெரிய கௌரவப் பிரச்சினை ஆயிற்று. ஊருக்கே மருந்து கொடுக்கிறவரின் சொந்தப் பெண்டாட்டி சுவரில் பல்லி ஏறுகிறாள். "வீட்டுலயே உங்க மருந்து போணியாகலையா டாக்டரே?" என்று லாரிக்காரன் கேட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லையாம்.

ஆபரேஷன் ஆன புதிதில் எந்த மாத்திரையானாலும் பொடித்துக் கரைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் மருந்து இடிக்கிற சின்னக் கல்வம் ஒன்று வாங்கினார். சத்து மாத்திரையை அவர்தான் பொடிப்பார், சூப்பில் கலக்குவார், பெருமையாகக் கொண்டுவந்து நீட்டுவார். பிறகு முழுசாகவே விழுங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் கல்வத்தை விடவில்லை. அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே வேலை அது. சந்தோஷமாகச் செய்கிறாரே, செய்யட்டும் என்று அக்கா விட்டுவிட்டார்.

சில வாரத்தில் தோள்வலி சட்டென்று குறைந்தது. சாக்பீஸ் கோடு மளமளவென்று ஏறியது. நான் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். கேட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்.

பிறகு அக்காவுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிய ஆரம்பித்தது. சூப்பு இறங்கவில்லை. முகம் வெளுத்தது. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்றார் என்னிடம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வீட்டுக்காரர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், இதுகூடத் தெரியாதா என்றார். அது பாதி உண்மை. அவரிடம் இருந்ததெல்லாம் பாதிதான். ஒருநாள் உறை மடித்துக்கொண்டிருந்தபடியே அக்கா சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். தையல் போட்ட இடத்தில் புண், ரத்தம். ரத்தத்தை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, கட்டிலில் போட்டார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்து, என்ன வலி மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எதுவுமில்லை என்றார் அக்கா. டாக்டரம்மா நம்பவில்லை. இப்படி மறைக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன் என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டிவரும், உயிருக்கே உத்தரவாதமில்லை, உண்மையைச் சொல்லாதவளுக்கு நான் எப்படி வைத்தியம் பார்ப்பது என்றார்.

உடம்பைப் பற்றி எவ்வளவோ கேலி கேட்டவர் அக்கா. ஒன்றுக்கும் அழுததில்லை. அன்றைக்கு அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது நம்பறியா?"

"நம்பறேன்க்கா."

வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பொய்க்காரி ஆவதை அவரால் தாங்க முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வியைத் தாங்க முடியவில்லை.

தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா கையைத் தூக்கிப் பார்த்தார். நன்றாகத் தூக்க முடிந்தது. பயிற்சியை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், அதுதான் வேலை செய்திருக்கிறது என்றார்.

"சுவத்தைத் தடவினா வலி போகுமா?" என்றார் கேட்டுக்காரர். "போனது என் மருந்துல. தினம் ரெண்டு வேளை சூப்புல பொடிச்சுப் போட்டேன். இவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா குடிக்க மாட்டா."

மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். அந்த மனிதரை வார்டை விட்டு வெளியே அனுப்பினார். அவர் தாழ்வாரத்தில் நின்று, படித்தவர்களுக்கு அனுபவம் போதாது என்று துப்புரவுப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

அக்கா அவரிடம் ஒரு சண்டையும் போடவில்லை. புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு அவர் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை, அவ்வளவுதான். தன் பாத்திரத்தைத் தானே கழுவி, தன் சூப்பைத் தானே வைத்து, குடிக்கும் நேரம்வரை மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டார். நல்லது செய்தவனுக்கு இதுதான் மரியாதை என்று அவர் கேட்டில் புலம்பினார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, போகிற போக்கில் டப்பாவில் கையை விட்டு ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். நடந்ததெல்லாம் தெரிந்த மேஸ்திரியும் எடுத்தார். அவர்களுக்காக நான் பிரார்த்திக்கத்தான் செய்கிறேன், ஆனால் நீட்டி முழக்குவதில்லை.

அக்காவின் தங்கை வேறு ஊரில் இருந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வேலை கேட்கப் போன அன்றே ஆபரேஷனையும் தோளையும் பற்றிச் சொல்லி, கனம் தூக்க மாட்டேன் என்று பேசிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாராம்.

வழியனுப்ப பஸ் நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்காரரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், நாலு பேர் பார்க்கட்டுமென்று. பஸ் கிளம்பும் நேரத்தில் செய்தித்தாளில் சுற்றிய எதையோ ஜன்னல் வழியே நீட்டினார். கல்வம்.

"எடுத்துட்டுப் போ. அங்க உனக்கு மாத்திரை பொடிச்சுத் தர யார் இருக்கா?"

அக்கா அதை வாங்கவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. சுகமான அந்தக் கையை ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டி என் தலையைத் தொட்டார்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லு," என்றார். "எனக்குப் பல்லு இருக்கு."