அம்மை விளையாடிய பள்ளிக்கூடம்

தலைமையாசிரியர் வேலை என்றால் வந்தவர்களுக்குப் பாடம் நடத்துவது என்று வெளியில் நினைக்கிறார்கள். வராதவர்களுக்குக் காரணம் தேடுவதுதான் அந்த வேலை என்பது, என்னைப் போல அந்த நாற்காலியில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும்.

சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. போன பங்குனியில் அங்கே அம்மை விளையாடியது. நாளுக்கு நாள் பிள்ளைகள் குறைந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் உப்பங்கழிக் காற்றில் கண் சொக்கிப்போய் வாய்ப்பாடு சொன்னார்கள். பள்ளிக்கூடமே பட்டப்பகலில் கனவு காண்கிற மாதிரி இருந்தது. அந்தக் கனவில் எனக்கிருந்த ஒரே பயம் ஸ்டெல்லா. நாலாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, அப்போதுதான் வயிற்றில் பிள்ளை. கர்ப்பிணிக்கு அம்மை போட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

யார் கையெழுத்து?

முதலில் படுத்தவர் கணக்கு வாத்தியார் கதிர்வேல். காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்கு நடுவே வீடு. மெடிக்கல் லீவுக்கு டாக்டர் சான்று வேண்டும், திரும்பி வரும்போது உடம்பு தேறியதற்கு இன்னொரு சான்றும் வேண்டும் என்று போனில் சொன்னேன். நானும் அம்மை என்றால் வேப்பிலை ஒடிக்க ஓடுகிற வீட்டுக்காரிதான். ஆனால் விடுப்பு விதியில் வேப்பிலைக்கு இடமில்லையே, என்ன செய்ய?

தோப்புக் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அரைத் தூக்கத்தில் பதில் வந்தது. "மேடம், ஆத்தா வந்து எறங்கியிருக்கா. இப்ப டாக்டருகிட்ட போனா கோவிச்சிக்குவா. வேணும்னா அவகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கியாறட்டுமா?"

முழுக்கைச் சட்டை

ஸ்டெல்லாவின் வகுப்பில் ஒரு சின்னப் பெண், அந்த வெயிலில் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது. குளிர் ஜுரமோ என்று ஸ்டெல்லா நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கொண்டாள். மத்தியானம் சோற்றுக்குக் கை கழுவும்போதுதான் குழந்தை சட்டையை மடக்கியது. கை நிறைய முத்துக் கொப்புளம்.

இறால் உரிக்கப் போயிருந்த தாய்க்காரியை வரவழைத்து, நாலு பேருக்கு ஒட்டுகிற நோயோடு ஏன் அனுப்பினாய் என்று சத்தம் போட்டேன். அவள் என்னைத்தான் விவரம் கெட்டவளாகப் பார்த்தாள். "வூட்டுல வுட்டா தெருவெல்லாம் சுத்தி ஊருக்கே ஒட்டவச்சிடும் டீச்சர். இங்கன்னா ஒரே எடத்துல குந்தியிருக்கும்ல?"

தழும்பு தேடிய டாக்டர்

பிள்ளை பிறந்த பிறகு கூடவே இருக்க வேண்டும் என்று ஸ்டெல்லா மகப்பேறு விடுப்பைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது அதெல்லாம் பேச நேரமில்லை, மெடிக்கல் லீவு போடு என்று அன்றைக்கே சிதம்பரத்துக்கு ஆட்டோ ஏற்றினேன். அங்கே டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா? வந்திருந்தால் பயமில்லை. முகம், கை, முதுகு எல்லாம் பார்த்திருக்கிறார், ஒரு தழும்பும் இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார்.

ஸ்டெல்லா வளர்ந்தது கடலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு ஆஸ்டலில். பேச்சு வராத வயதில் அவளை அங்கே விட்டுவிட்டுப் போனவர்கள் யாரென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஆஸ்டல் சிஸ்டரிடம் கேட்டால், இங்கே வந்த பிறகு உனக்கு அம்மையே போடவில்லை என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதுவிடுவேன் போலிருந்தது. "எல்லாரும் அவுங்கவுங்க அம்மாவக் கேப்பாங்க. நான் யாரப் போயி கேக்கறது மேடம்?"

காலி நாற்காலி

முடிவு வரும்வரை நாலாம் வகுப்பை நானே பார்த்துக்கொண்டேன். பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. பாட்டு சொல்லிக் கொடுத்தால் பாதியில் தூங்கிப்போனார்கள், நான் எழுப்பவில்லை. ஜன்னல் வழியாக உப்பு வாசனையும் வேப்பம்பூ வாசனையும் மாறி மாறி வந்தன. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் வேண்டிக்கொண்டேன். கண் அசந்தால், ஸ்டெல்லா கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்பதாகவே தோன்றும்.

ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அவள் நாற்காலியில் வேப்பங்கொத்து செருகியிருக்கிறது. சத்துணவு சமைக்கிற செல்வியின் வேலை. அவங்க மாதா கோயிலுக்குப் போறவங்களாச்சே என்றேன். செல்வி கரண்டியும் கையுமாக நின்று சொன்னாள்: "சாமி வேற வேறயா இருந்துட்டுப் போவட்டும் மேடம், வேப்பமரம் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

வந்து போனவர்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டெல்லாவே நேரில் வந்தாள். வாசலிலேயே, "பயப்படாதீங்க மேடம், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். ரத்தத்தில் அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதாம். இனி அவளுக்கும் பயமில்லை, பிள்ளைக்கும் பயமில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பெல்லாம் லேசாகிப் போனது. அவ்வளவுதானே, போய் சாப்பிடு என்றேன்.

அவள் போகவில்லை. தன் கன்னத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு நின்றாள். "அப்ப ஆஸ்டல்ல வுடறதுக்கு முன்னாடியே எனக்கு வந்து போயிருக்கு மேடம். கைக்கொழந்தை சொறியாம இருக்குமா? யாரோ ராவெல்லாம் முழிச்சிருந்து என் கையப் புடிச்சிக்கிட்டிருந்திருக்காங்க. மொகத்துல ஒரு தழும்புகூட இல்ல, பாருங்களேன்."

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுத அழுகையை, சிவந்த கண்ணைப் பார்த்ததும் மெட்ராஸ் ஐ என்றே முடிவுகட்டி ஆசிரியர்கள் அத்தனை பேரும் பத்தடி தள்ளி நின்றார்கள் என்பதால், தொற்றுத் தடுப்பில் மட்டும் எங்கள் பள்ளியை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது.