ரத்தப் பட்டியல் இணையத்தில் ஏறிய நாள்

கல்லூரி முடித்த வருடம் நானும் என் தோழியும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தோம். அவசரத்துக்கு ரத்தம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வாசலில் எதிர்ப்படுபவர்களை எல்லாம் கேட்க வேண்டியிருந்த காலம் அது. கொடுக்க விரும்புகிறவர்களின் விவரத்தை ஓர் இணையப் பக்கத்தில் போட்டால் என்ன என்று அவள்தான் ஆரம்பித்தாள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களிடமும் பூ மார்க்கெட்டிலும் பெயர், ரத்த வகை, போன் நம்பர் எழுதி வாங்கினோம்.

எங்கள் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ரத்த வகையைத் தேர்ந்தெடுத்தால் டேட்டாபேஸிலிருந்து பெயர்கள் வந்து விழும். இணையத்தில் ஏற்றியபோதோ, டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்ற ஒரே வரிதான் வந்தது. சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்தவர்கள் அனுப்பிய தாளைப் பார்த்துப் பாஸ்வேர்டை நிரலில் திரும்பத் திரும்ப அடித்தேன். நான்கு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் காலை சாணார்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"தாயி, ரத்தம் குடுக்குறவுக லிஸ்டு இங்க இருக்குன்னு மார்க்கெட்ல சொன்னாக. வீட்ல பிரசவம். ஓ நெகட்டிவாம்."

இணையப் பக்கம்தான் இன்னும் திறக்கவே இல்லையே. தோழி, "இருங்கண்ணே" என்று எங்கள் கணினியில் இருந்த பட்டியலையே திறந்தாள். இரண்டே பேர். முதல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது ஒரு பள்ளி ஆசிரியை. "எந்த ஆஸ்பத்திரி? இந்தா கெளம்பிட்டேன்" என்றார். விவசாயி சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடினார்.

அவர் போனதும் தோழி அந்தப் பாஸ்வேர்டு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்டி, ஒன்னுன்னு அடிச்சியா? இது இங்கிலீஷ் எல்லுடி!"

மாற்றி ஏற்றினேன். பக்கம் மெல்லத் திறந்தது. எங்கோ இருந்த சர்வரிலிருந்து எங்கள் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் அந்த விவசாயி தன் ஊர்க்காரர்கள் நால்வரோடு வந்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றார்.

"எங்க பேரையும் ஏத்து தாயி. என்ன குரூப்புன்னுதான் தெரியல."

சிரித்துக்கொண்டே அவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். அவள் திருமணமாகி வேறு ஊர் போகும்வரை மூன்று வருடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ நிரல் எழுதிவிட்டேன். அவள் அருகில் உட்கார்ந்திருந்த அந்தக் காலைப் பொழுதுதான் இன்னும் வேண்டியிருக்கிறது.