மூன்றாவது முழுக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். பூஜை அறையில் நோட்டைத் திறந்து, பிள்ளையார் சுழி மட்டும் போட்டு மூடிய நாட்கள் எத்தனையோ. பத்தாவதோடு நின்றவன், எழுத வராது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

டிசம்பர் இருபத்தாறு வந்தால், அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பேப்பரில் ஒரு கட்டம் போடுவார்கள். இரண்டாயிரத்து மூன்றில் ஈரானில் பூகம்பம், ஊரே மண்ணானது. சரியாக மறுவருஷம், அதே தேதியில் சுனாமி. இந்தத் தேதியே கெட்ட தேதி, மனுஷன் என்ன செய்ய முடியும் என்று அதைப் படித்துப் படித்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் திருவாதிரைத் திருவிழாக் கூட்டம். நாங்களும் போவதாக இருந்தோம். என் மனைவியின் தம்பி முந்தின நாளே மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்துவிட்டான். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. நான் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்ததும் அவனைக் கடலுக்குக் கூப்பிட்டேன். மற்ற நாளில் கடலைத் தொடக்கூடாது, அமாவாசை பௌர்ணமியில்தான் முழுகலாம் என்பது எங்கள் வழக்கம். முழுகினால் மூன்று முழுக்கு. குறைவாக விட்டு எழுந்தால் குற்றம்.

“பாத்ரூம்ல வெந்நீர் இருக்கு மாமா. அதுல குளிச்சுட்டு வந்தா நடராஜர் மோந்து பாத்து வெளிய தள்ளுவாரா?”

“வாய மூடிக்கினு வண்டில ஏறு மச்சான்.”

தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயில் ஏறியிருந்தது. முதலில் அவன் இறங்கினான். அவனுடைய வேட்டியையும் வாட்சையும் வைத்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே ஏறி வந்தான்.

“தண்ணி சரியில்ல மாமா. கால புடிச்சு இழுக்குது. வாங்க, போலாம்.”

“ரெண்டுதான் ஆச்சு. எண்ணிக்கினுதான நிக்கிறேன்? சாமி காரியத்துல கொற வெக்காத. போ.”

“உங்க சாமி ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு மாமா,” என்று சிரித்தான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். போனான்.

அவன் இடுப்பளவு தண்ணீரில் இருந்தபோது கடல் எழுந்தது. அலை மாதிரி இல்லை, கறுப்பாக ஒரு சுவர். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் கேட்கவில்லை. அடுத்த கணம் என்னையும் அடித்துத் தூக்கியது. ஒரு ஃபைபர் படகு தலைக்கு மேலே உருண்டு போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஆளை மரத்தோடு வைத்து நசுக்கியது. முள்கம்பி என் தொடையைக் கிழித்தது. ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிக்கொண்டேன். யாரோ ஒரு பெண்ணின் கை என் காலைப் பிடித்தது, வழுக்கிப் போய்விட்டது. தண்ணீர் வடிந்தபோது அவனுடைய வேட்டி என் கழுத்தில் கயிறாக இறுக்கிக் கிடந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முகம் முழுக்கச் சிதைந்திருந்தது. இடுப்புக் கயிற்றில் இருந்த தாயத்தைப் பார்த்துத்தான் என் மனைவி அவனைக் கண்டுபிடித்தாள். தரையில் தலையை மோதிக்கொண்டாள். “கரைக்கு வரச் சொல்லி நீங்க கூப்புடலியா?” என்று கேட்டாள். “கூப்பிட்டேன்,” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் சொன்ன பொய். மிச்சத்தை அவளே கட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் ஊர் கடலுக்குப் பால் ஊற்றப் போகும். நாங்கள் கடல் பக்கம் போகாமல் சிதம்பரம் போய்விடுவோம். போன டிசம்பரில் சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் என் மனைவி பேச்சுக் கொடுத்தாள். “கத்திக் கத்திக் கூப்புட்டாரும்மா இவரு. அந்தப் பாவிதான் வெளையாட்டா நின்னுட்டான். நடராஜர்தான் இவர எனக்குத் திருப்பிக் குடுத்தாரு.”

பாவி என்ற சொல் செத்தவன் மேல் விழுந்ததை அந்த இடத்தில் என்னால் தாங்க முடியவில்லை. “அவன் வெளிய வந்துட்டான். மூணாவது முழுக்குக்கு நான்தான் முதுவுல கை வெச்சுத் தள்ளி அனுப்பிச்சேன்,” என்றேன்.

என் மனைவி கையிலிருந்த எவர்சில்வர் தூக்கால் என் நெற்றியில் அடித்தாள். மறுபடியும் அடித்தாள். புளியோதரை படியெல்லாம் சிதறியது. ரத்தம் கண்ணில் இறங்கியது. ஆட்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

“வுடுங்க! எந்தம்பி பொழச்சு வந்தவன்! நீ தள்ளுனியாய்யா?” முப்பது வருஷத்தில் அன்றுதான் என்னை ‘நீ’ என்றாள்.

“தேதியே சரியில்லாத தேதி...” என்று இழுத்தேன்.

“தேதி என்னாய்யா பண்ணுச்சு? தேதியா அவன் முதுவுல கைய வெச்சுது?”

பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தாள். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், நெற்றித் தையலுக்கு மருந்து போட்டுவிட்டுச் சொன்னாள்: “இத்தினி வருஷம் அவனப் பாவின்னு சொல்ல வெச்சிட்டீங்க. நடந்தத எழுதுங்க. எங்கிட்ட சொன்னமாதிரியே.”

எழுதிவிட்டேன். இன்றைக்கும் நான் சாமி கும்பிடுகிறேன். ஆனால் என்னைக் காப்பாற்றினார் என்று இப்போது சொல்வதில்லை. படித்தவர்கள் இதை வேறு யாருக்காவது சொன்னால், ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் குறைக்காமல் சொல்லுங்கள். அவன் விளையாட்டாக நிற்கவில்லை. இரண்டு முழுக்கோடு கரைக்கு வந்துவிட்டான்.