நட்சத்திரம் கட்ட ஏறிய கூரை

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா போட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால், அவர் இறந்த பிறகு கூரைக் கணக்கும் என்னிடம் வந்தது. தகடு வாங்கிய ஆண்டை வைத்து, "இன்னும் பத்து வருசம் தாங்கும், அம்மா" என்றேன். புதுக் கூரைக்கான செலவைப் பத்தாகப் பிரித்துச் சேமிக்கவும் தொடங்கினேன்.

மூன்றாம் வருட மழையில், அம்மா தேநீர் ஊற்ற எழும்பிப் போன சற்று நேரத்தில், அவரது கட்டிலின் மேல் ஒரு தகடு விழுந்து உடைந்தது.

'பாஸ்' என்று நாங்கள் கூப்பிடும் கூரை வேலைக்காரர் ஏறிப் பார்த்தார். "தகட்டில பிழையில்லை, தம்பி. ஆணி ஓட்டையால தண்ணி இறங்கி, தாங்கிற மரம்தான் உக்கிப்போச்சு. முந்தி ஆரோ வருசா வருசம் அந்த ஓட்டையளில தார் பூசியிருக்கினம். ஏன் விட்டனீங்கள்?"

அம்மா சொன்னார்: "நத்தாருக்கு நட்சத்திரம் கட்ட ஏறேக்க, அப்பா தார் வாளியும் கொண்டு போறவர். நீ கீழ நிண்டு, 'அப்பா, ஸ்டார் சரியுது' எண்டு கத்துவாய்."

நான் அந்தக் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பிறகு அதை வாசலிலேயே தொங்கவிட்டேன்.

மரம் மாற்றவே சேமிப்பெல்லாம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு மார்கழியும் பாஸ் ஆணிகளையும் மரத்தையும் பார்த்துச் சொன்ன பிறகே என் கணக்கைத் திருத்துகிறேன். மிதித்து நடக்க அவர் கூரைமேல் போடும் பலகையில் நானும் ஏறி நட்சத்திரம் கட்டுகிறேன்.

"சரியுதடா!" என்று கீழே நின்று கத்துவது அம்மா.