இறக்கிய ஷட்டருக்குள் அந்தோணி

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்காக நின்றிருந்தபோது அந்தோணியின் மனைவி போன் செய்தார். "அவரு போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

திண்டிவனத்தில் நானும் அந்தோணியும் சேர்ந்து சர்க்யூட் போர்டு பழுதுபார்க்கும் கடை நடத்தினோம். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய கைநேர்த்தியைச் சொல்வீர்கள். நான் ஒரு பகற்பொழுதைச் சொல்ல வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து ஓர் ஆள் பென் டிரைவ் அளவுள்ள கருவியோடு வந்தான். கிரிப்டோ பணத்தின் சாவியை உள்ளே வைத்திருக்கும் வாலட். பின் நம்பர் மறந்துவிட்டது என்றான். இன்னும் இரண்டு முறை தவறாக அழுத்தினால் அது எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்தோணி மூடியைக் கழற்றி, தயாரிப்பவர்கள் சோதனைக்காக விட்டுவைக்கும் டீபக் புள்ளிகளில் முடியளவு ஒயர்களைப் பற்றவைத்துக் கணினியோடு இணைத்தார். சிப் பூட்டியிருந்தது. அதற்குப் போகும் மின்சாரத்தைக் கண நேரம் தடுமாறவைத்து, திரும்பத் திரும்ப முயன்றதில் ஒருமுறை அது ஏமாந்து தன் மெமரியைக் காட்டியது. பணத்தை மீட்கும் வார்த்தைகள் திரையில் வரிசையாக வந்தன; அவை யார் கையில் இருக்கிறதோ அவர் பணத்தை எடுத்துவிடலாம். கூடவே உரிமையாளர் பெயரும்: புனிதா.

"இது யாருங்க?"

"என் பொண்டாட்டி. கோச்சிக்கினு பிரம்மதேசத்துல அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நீ வார்த்தைய எழுதிக் குடு."

"அவங்கள போன்ல ஒரு தபா சொல்லச் சொல்லுங்க. குடுத்துடறேன்."

அவன் எழுந்து ஷட்டரை உள்ளிருந்து இறக்கினான். வெளியே அவனுடைய ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள். எங்கள் போன்களைப் பிடுங்கிக்கொண்டான். வெக்கையில் மூச்சு முட்டியது. "குடுத்துடலாம்பா, எதுக்கு பேஜாரு" என்று அந்தோணியின் காதருகே கெஞ்சினேன்.

"குடுத்துட்டா நாம வெளிய போயிடலாம். அந்தப் பொண்ணு எங்க போவும்?" என்றவர், கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். எதையும் அவர் சேமித்திருக்கவில்லை. "இப்ப என்கிட்டயும் இல்லீங்க."

அவன் அறைந்ததில் அந்தோணியின் கண்ணாடி உடைந்தது. மறுபடி எடுக்கச் சொன்னான். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒயரே தெரியாதுங்க" என்றார். பொழுது சாயும்வரை உட்காரவைத்துவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தோணி பிரம்மதேசம் போனார். அதே வார்த்தைகளைப் புனிதா ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அன்றைக்கே பணத்தை வேறு வாலட்டுக்கு மாற்றிவிட்டார். அதன்பின் பல மாதங்கள் அந்த ஆட்கள் எதிர் டீக்கடையில் வந்து நின்றார்கள். நான் கூண்டில் இருப்பதுபோல் கடையில் இருந்தேன். "பாத்துக்கினு நிக்கட்டும். நாம வேலையப் பாப்போம்" என்பார் அந்தோணி.

அடக்கத்தன்று புனிதா வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேருமே முடியாதுன்னு சொன்னீங்கன்னு அண்ணன் சொன்னாருங்க." ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த 'ரெண்டு பேரு'தான் அந்தோணி எனக்கு விட்டுச்சென்றது. அந்த இருவரில் நான் இல்லை என்பதை இன்று எழுதிவிட்டேன். இருந்தும் அதை நான் திருப்பிக் கொடுக்க அவர் இல்லை.