நட்டெல்லாம் அண்ணன் பக்கம்

கணவர் இறந்த மறுவருஷம் நான் தியாகதுருகத்துக்கே திரும்பி வந்து, அப்பா வீட்டில் என் பாகத்தைக் கேட்டேன். அண்ணன் மறுக்கவில்லை. கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். முன்பக்கம் அவருக்கு, பின்கட்டும் கிணற்றடியும் எனக்கு. நடுவில் இரும்பு ஆங்கிள் ஊன்றி, ஆள் உயரத்துக்கு மேல் தகர ஷீட் அடித்தார்.

ஆனி பிறந்ததும் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. ஷீட் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சத்தம் ஒரே சீராக இருந்தாலாவது பழகியிருக்கும். நின்றுவிட்டது என்று கண்ணை மூடும்போது மறுபடி கடகடவென்று உலுக்கும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடுக்குகளில் செருகினேன். சாக்கைச் சுருட்டித் திணித்தேன். எதையும் காற்று இரண்டு நாள் விட்டுவைக்கவில்லை.

வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். அது சும்மாவே சுற்றியது.

"நட்டெல்லாம் அந்தாண்ட கீதுங்க. அங்க ஒருத்தர் புடிச்சிக்கினாத்தான் இங்க டைட் ஆவும்" என்றார்.

சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போய் அண்ணன் வாசலில் நின்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஷீட்டு ரொம்ப ஆடுது. தூங்க முடியல. கொஞ்சம் நட்ட புடிச்சிக்கினீங்கன்னா..."

"எங்களுக்கு இன்னா சத்தமும் கேக்கலியே" என்றார், வண்டியைப் பார்த்தபடி.

கதவோரம் நின்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மக்காச்சோளம் விற்க அண்ணன் சின்னசேலம் போயிருந்த ஒரு பகலில், தகரத்தை யாரோ விரலால் தட்டினார்கள்.

"ஏம்மா, கீறியா? ஸ்பேனர் எடுத்தாந்திருக்கேன். எத மொதல்ல புடிக்கணும்?"

அண்ணிதான். கிணற்றுப் பக்கமிருந்து தொடங்கினோம். அவள் அங்கே நட்டைப் பிடித்துக்கொள்ள, நான் இங்கே திருகினேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. வெயிலில் தகரம் கையைச் சுட்டது. பாதி தூரம் வந்தபோது அண்ணி மெதுவாகச் சொன்னாள்.

"உங்கண்ணனும் தூங்கறதில்லம்மா. காதுல பஞ்ச வெச்சிக்கினு பொரண்டுக்கினே கெடக்கறாரு."

"அப்ப இன்னாத்துக்கு அண்ணி கேக்கலன்னு சொன்னாரு?"

"கேட்டேன். அவ தனியா இருக்கணும்னுதான கேட்டா, இருக்கட்டும்னாரு."

நான் தனியாக இருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. போக வேறு இடமில்லாமல்தான் பாகம் கேட்டேன். அதை அண்ணியிடம் சொல்லாமல் அடுத்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். மீதி போல்ட்டுகளையும் முடுக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஆடி நெருங்க நெருங்கக் காற்று வலுத்தது. முடுக்கியதெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. பட்டறைக்காரர் மறுபடி வந்து துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஆடி ஆடி ஓட்டையே பெர்சாயிடிச்சிங்க. இனிமே டைட் பண்ணி பிரயோஜனமில்ல. ஷீட்டயே மாத்தணும்."

ஷீட் அண்ணனுடையது. நான் தொட முடியாது. அவர் மாற்ற மாட்டார். அண்ணி மறுபடி தட்டவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அந்த ஆடியிலேயே களமருதூரில் பெரியம்மா தவறிப்போனார். காரியம் முடிந்து ஏறிய பஸ்ஸில் அண்ணனும் இருந்தார். அண்ணி இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டாள். உட்கார்ந்திருந்த ஒருவர் இறங்கியதும், அண்ணனுக்குப் பின்சீட்டுதான் எனக்குக் கிடைத்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அழுததால் வந்த சிவப்பில்லை அது. என் கண்ணும் அப்படித்தான் இருந்தது. ஏதோ சொல்வார் என்று காத்திருந்தேன். முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் அவர் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. அந்த மாசத்தில் நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

"தியாகதுருகம் எறங்கறவங்கல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் சீட்டைத் தட்டினார். இருவரும் திடுக்கிட்டு எழுந்தோம். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் இறங்கினார். ஒரே தெருவுக்குத்தான் போக வேண்டும். அவர் வேகமாக நடந்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை, வாங்க எதுவும் இல்லாத ஒரு பெட்டிக்கடை முன்னால் நான் நின்றுகொண்டேன்.